மழைக்கு முன்னால தேன்பெட்டியை எப்படித் தயார் பண்ண? (வீட்டுத்தோட்டம், நெல்லை)

மொட்டைமாடிக்காரன் | செப்டம்பர் 24

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில வீட்டுக்குப் பின்னால நாலு பெட்டி வச்சிருக்கேன். எல்லாம் நம்ம ஊர் அடுக்குத் தேனீ, நியூட்டன் பெட்டி. மூணு பெட்டி போன தையில விலைக்கு வாங்கினது. நாலாவது, குடி பிரிஞ்சு முருங்கைக் கொம்புல தொங்கினதை நானே பிடிச்சு அடைச்சது. எனக்கு இதுதான் முதல் மழைக்காலம்.

ராத்திரி பூரா யூடியூப் பாக்கேன். வெளிநாட்டுக்காரன் பெட்டியைச் சுத்தி தெர்மோகோல் ஒட்டுதான், கறுப்பு பாலிதீன் சுத்துதான், வாசலை ரெண்டு விரல்கடைக்குக் குறைக்கான். நானும் தெர்மோகோல் ஷீட்டு நாலு வாங்கிட்டேன். "ஈக்குச் சட்டை தைக்கப் போறீயளோ"ன்னு வீட்டுல ஒரே கேலி. ஐப்பசிக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?

களக்காடு வாழைத்தோப்பு | செப்டம்பர் 24

தம்பி, தெர்மோகோலைக் கடையில திருப்பிக் குடுத்துட்டு வேற ஏதாச்சும் வாங்கிட்டு வாங்க. பாளையில மார்கழி விடியக்காலமே 20 டிகிரிக்குக் கீழ இறங்குனா அதிசயம். புழு இருக்கிற அடையை ஈ தானே 34, 35 டிகிரியில வச்சுக்கிடும். நம்ம ஊர்ல அதைக் கொல்றது குளிர் இல்ல. நனைஞ்ச வீடும் காலி வயிறும்தான்.

முதல்ல ஒண்ணு பண்ணுங்க. சாயங்காலம் ஈ அடைஞ்ச பிறகு, ஒவ்வொரு பெட்டியா பின்பக்கம் ஒரு கை குடுத்து ரெண்டு விரக்கடை தூக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இருந்துச்சுன்னா தொடவே வேண்டாம். காலிப் பெட்டியைத் தூக்கின மாதிரி கை மேல போச்சுன்னா அது பட்டினி. பெட்டியைத் திறக்காமலே பாதி சமாச்சாரம் தெரிஞ்சிரும். தூக்கிட்டு இங்க வந்து சொல்லுங்க.

மொட்டைமாடிக்காரன் | செப்டம்பர் 25

தூக்கிப் பார்த்தேன் அக்கா. ஒண்ணாம் பெட்டி நல்ல கனம். ரெண்டும் மூணும் லேசுதான். நாலாவது சொல்லவே வேண்டாம், மூடியைத் தூக்கின மாதிரி இருந்துச்சு. அதுல மொத்தமே, அடை தொங்குற மரச்சட்டம் ரெண்டுலதான் ஈ மூடியிருக்கு.

ரெண்டுலயும் மூணுலயும் ஆடி முதல் வாரம் தேன் எடுத்தேன். மொத்தம் மூணு கிலோ.

ரப்பர்காட்டு ஈக்காரன் | செப்டம்பர் 25

மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து எழுதுறேன். எங்க அப்பா காலத்துல இருந்து பெட்டிதான் பிழைப்பு.

மக்கா, ஆடியில தேன் எடுத்தீரா? வேம்பு, புங்கு, புளி எல்லாம் பூத்து ஓஞ்ச பிறகு, செங்கோட்டைக் கணவாய்க் காத்து மரத்தைப் பிடுங்கிட்டுப் போற மாசத்துல ஈ எங்க போய்க் கொண்டாரும்? அந்த மூணு கிலோ அது மழைக்கு வச்சிருந்த அரிசி. நீர் களஞ்சியத்தைக் காலி பண்ணிட்டு இப்ப சட்டை தைக்கப் பாக்கீரு. கோவிச்சுக்கிடாதீரும், நானும் சின்ன வயசுல இதே தப்பைப் பண்ணி அப்பாகிட்ட அடி வாங்கினவன்தான்.

எங்க ஊர்க் கணக்கு வேற. ரப்பர் இலை உதிர்ந்து மாசி பங்குனியில தளிர் விடும்போது இலைக்காம்புல தேன் ஊறும். பூவே வேண்டாம். அதனால ஐப்பசி, கார்த்திகையில எங்களுக்குக் கூட்டம் பெருக்குற வேலை. உமக்கு அப்படி இல்ல. மழை விட்டு தும்பையும் துத்தியும் பூக்கிற வரைக்கும் தென்னையை விட்டா ஒண்ணும் இருக்காது. அதுலயும் மழை பேஞ்சா மகரந்தம் கழுவிப் போயிரும்.

இன்னைக்கே சீனிப்பாகு ஆரம்பியும். சம எடை சீனி, சம எடை தண்ணி. தண்ணியைக் கொதிக்க வச்சு இறக்கி, அதுல சீனியைக் கரைக்கணும். அடுப்புல வச்சே கிண்டி அடிப்பிடிக்க விட்டுரக் கூடாது. ஒரு பெட்டிக்கு வாரம் 200 கிராம் சீனி கணக்கு, பட்டினிப் பெட்டிக்கு வாரம் ரெண்டு தடவை. பெட்டியோட மேல் அடுக்கான தேன் அறையில சிரட்டையை வச்சு ஊத்தி, மேல வைக்கோலோ ஈர்க்குத் துண்டோ போடும். இல்லாட்டி ஈ முங்கிச் சாகும். மழை இறங்குறதுக்கு முந்தின ரெண்டு வாரம் ரெண்டுக்கு ஒண்ணுன்னு கெட்டியாக் குடும், அதை அடையில கொண்டு போய் மூடி வச்சுக்கிடும்.

நாலாவது பெட்டியை மூணோட சேர்த்திரும். ரெண்டு சட்டத்து ஈயை வச்சுக்கிட்டு மழையைத் தாண்ட முடியாது.

திசையன்விளை பனங்காடு | செப்டம்பர் 26

சீனி எதுக்குவே? வெள்ளைச் சீனி மனுசனுக்கே விஷம். கையில நல்ல கருப்பட்டி இருக்கும்போது ஈக்குக் கருப்பட்டிப் பாகு குடுத்தா என்ன? இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து எல்லாம் இருக்கு. பதனி இறக்கும்போது கலயத்துல ஈ விழுந்து கிடக்கறதை நான் சின்னப் பிள்ளையில இருந்து பாக்கேன். பிடிக்காமலா விழுது?

ரப்பர்காட்டு ஈக்காரன் | செப்டம்பர் 26

அண்ணாச்சி, உங்க கருப்பட்டி நமக்கு அமிர்தம். ஈக்கு அந்தச் சத்தேதான் வினை. இனிப்பைத் தவிர மிச்சம் உள்ளது பூராவும் குடல்ல மலமாத் தங்கும். ஈ பெட்டிக்குள்ள வெளிக்கிப் போகாது, பறந்து போய் வெளியதான் போகும். நீங்க சொல்ற பதனிக் காலம் வெயில் காலம். குடிச்சா, பறந்தா, போனா, முடிஞ்சுது. மூணு நாள் அடைமழையில உள்ள கிடக்கும்போது வயிறு கலங்குனா எங்க போகும்? வாசப்பலகையிலயும் சட்டத்து மேலயும் மஞ்சள் காப்பிப் பொட்டு மாதிரி தெறிச்சிருக்கும். கண்ணால பார்த்தவன் சொல்றேன். வெல்லம், நாட்டுச் சர்க்கரைக்கும் இதே கதைதான்.

கடையில வாங்கின தேனையும் ஊத்தாதீங்க. எந்த ஊர்க் கூட்டத்து நோயோ அதுல இருக்கும். 1991, 92ல புழு சாக்கு மாதிரி வீங்கிச் சாகுற சாக்புரூட் வைரஸ் வந்து கேரளாவையும் எங்க ஜில்லாவையும் வழிச்சு எடுத்துட்டுப் போச்சு. எங்க வீட்டுல 40 பெட்டிக்கு மிஞ்சினது மூணு. அப்பா காலிப் பெட்டியை எல்லாம் அடுக்கி வச்சுட்டு, ரெண்டு வருசம் அந்தப் பக்கமே போகல.

திசையன்விளை பனங்காடு | செப்டம்பர் 26

சரிவே, ஈக்குச் சீனி, எனக்குக் கருப்பட்டி. ஆனா ஈ கருப்பட்டியை விரும்பாதுன்னு மட்டும் சொல்லாதீரும்.

ஒட்டாவா நெல்லையன் | செப்டம்பர் 27

பூர்வீகம் அம்பாசமுத்திரம், இப்ப இருக்கிறது கனடா. வீட்டுப் பின்கட்டுல இத்தாலியத் தேனீ ரெண்டு பெட்டி. மொட்டைமாடி தம்பி பார்த்த வீடியோ எல்லாம் எங்களை மாதிரி ஆளுகளுக்கானது. அதனால ரெண்டு வார்த்தை.

இங்க நவம்பர்ல மூடினா பெட்டியைத் திறக்கிறது ஏப்ரல்லதான். வெளிய மைனஸ் 25 வரைக்கும் போகும். ஈ எல்லாம் ஒரே பந்தாத் திரண்டு, பறக்கிற தசையை நடுக்கிச் சூடு உண்டாக்கும். சூடு பந்துக்குள்ளதான், பெட்டிக்குள்ள இல்ல. அதுக்கு எரிபொருள் தேன். ஒரு பெட்டியில 30, 40 கிலோ விட்டு வைக்கணும். கோடையில ஆறு வாரத்துல சாகுற வேலைக்காரத் தேனீ, குளிருக்குன்னு பிறந்ததுன்னா ஆறு மாசம் கூட உயிரோட இருக்கும். உங்க ஊர்ல வருசம் பூரா ராணி முட்டை வைக்கும், இந்தக் கதை ஒண்ணும் கிடையாது.

ஒரு விஷயம் மட்டும் ரெண்டு ஊருக்கும் பொது. இங்கயும் குளிர் கொல்றதை விட ஈரம்தான் அதிகம் கொல்லுது. ஈ விடுற மூச்சு மேல போய் மூடியில பட்டுத் தண்ணியா மாறி, பந்து மேல சொட்டும். காய்ஞ்ச ஈ எந்தக் குளிரையும் தாங்கும், நனைஞ்ச ஈ ஒரு ராத்திரி தாங்காது. அதனாலதான் நாங்க மேல ஒரு சின்ன ஓட்டை விட்டு, மூடிக்கு அடியில ஈரம் உறிஞ்ச மரத்தூள் மெத்தை வைக்கோம். வீடியோவுல தெர்மோகோலைத்தான் காட்டுவான், ஓட்டையைக் காட்ட மாட்டான்.

பத்தமடை டீச்சர் | செப்டம்பர் 27

மரத்தூள் மெத்தை எதற்கு? எங்கள் ஊரில் கோரைப்பாய் இருக்கிறது. கிழிந்த பாயை உள்மூடி அளவுக்கு வெட்டி, இரண்டு மடிப்பாகப் போட்டு அதன்மேல் மூடியை வைக்கிறேன். ஏழு வருடமாக இதுதான். ஈரத்தை இழுத்துக்கொள்ளும், காற்றையும் விடும். மழை விட்ட நாளில் எடுத்து வெயிலில் காயப்போட்டால் மறுபடி தயார். நைலான் பாய் வேண்டாம், அது பாலிதீனுக்கு அண்ணன்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். நம் தேனீ வாசலில் நின்று சிறகடிக்கும்போது தலையை வெளிப்பக்கம் வைத்து நிற்கும், அதாவது காற்றை உள்ளே தள்ளும். இத்தாலியத் தேனீ தலையை உள்ளே வைத்து நின்று காற்றை வெளியே இழுக்கும். ஒட்டாவாக்காரர் தம் பெட்டியில் பார்த்துச் சொல்லட்டும். அடைமழையில் நம் தேனீ உள்ளே தள்ளுவதும் ஈரக் காற்றுதானே என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

ஒட்டாவா நெல்லையன் | செப்டம்பர் 28

பார்த்தேன் டீச்சர். நீங்க சொன்னது சரி, எல்லாம் வாலை எனக்குக் காட்டிக்கிட்டுதான் நிக்குது. பத்து வருசமா வளர்க்கேன், இதைக் கவனிச்சதே இல்ல.

மொட்டைமாடிக்காரன் | அக்டோபர் 2

பாகு வைக்க ஆரம்பிச்சாச்சு. ஒரு கூத்தும் நடந்துச்சு. சிரட்டை தேடச் சோம்பல்பட்டு, ஒரு தாம்பாளத்துல பாகை ஊத்தி நடுவுல வச்சேன், நாலு பெட்டியும் வந்து குடிக்கட்டும்னு. மத்தியானம் 12 மணி. பத்து நிமிசத்துல கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஆயிருச்சு. அது பரவாயில்ல. தாம்பாளம் காலியானதும் எல்லாம் நாலாம் பெட்டி வாசலுக்குப் போய் அடிதடி. கட்டிப் பிடிச்சு உருளுது, கீழ விழுது. அரை மணி நேரத்துல வாசல்ல ஒரு கைப்பிடி செத்த ஈ.

களக்காடு வாழைத்தோப்பு | அக்டோபர் 2

அட ராமா. பாகு எப்பவும் பெட்டிக்கு உள்ள, பொழுது அடைஞ்ச பிறகு, ஒரு சொட்டு வெளிய சிந்தாம. சாப்பாடு வெளிய இருக்குன்னு ருசி கண்டுட்டா, பலமான கூட்டம் நோஞ்சான் வீட்டுக்குள்ள பூந்துரும். இப்போதைக்கு நாலாம் பெட்டி வாசலை ஒரு ஈ மட்டும் போற அளவுக்கு அடைங்க. ஈரத்துணியை வாசல் முன்னால தொங்க விடுங்க. நாளைக்கே மூணோட சேருங்க.

சேர்க்கிறது கஷ்டம் இல்ல. நாலோட ராணியை எடுத்துருங்க. சாயங்காலம் மூணாம் பெட்டியில புழு இருக்கிற கீழ் அறை மேல ஒரு தாள் செய்தித்தாளை விரிச்சு, ஊசியால நாலு குத்து குத்தி, அது மேல நாலாம் பெட்டிச் சட்டங்களை ஒரு அறையோட வைங்க. தாளைக் கடிச்சுத் துளை போடுறதுக்குள்ள ரெண்டு கூட்டத்து வாசனையும் கலந்துரும், சண்டை வராது.

மொட்டைமாடிக்காரன் | அக்டோபர் 3

அக்கா, வாசலைக் குறைச்சுட்டேன், இப்ப அமைதியா இருக்கு. சேர்க்கத்தான் மனசு வரல. நானே ஏணி போட்டு ஏறிப் பிடிச்ச கூட்டம் அது. அந்த ராணியை நானே நசுக்கணுமா? பாகு குடுத்துத் தேத்திரலாம்னு பாக்கேன்.

ரப்பர்காட்டு ஈக்காரன் | அக்டோபர் 3

உம்ம இஷ்டம். சொல்லத்தான் முடியும்.

திசையன்விளை பனங்காடு | அக்டோபர் 9

நானும் கேக்கேன் ஒண்ணு. என் பெட்டி ரெண்டும் கிழக்குப் பாத்து இருக்கு. வாடைக்காத்து மழை நேரா வாசல்லதான் அடிக்குது. தெக்கே பாத்துத் திருப்பி வச்சிரவா?

பத்தமடை டீச்சர் | அக்டோபர் 9

ஒரேயடியாகத் திருப்பாதீர்கள். வெளியே போன தேனீ பழைய வாசல் இருந்த இடத்துக்கே வந்து வெறும் பலகையில் முட்டிக்கொண்டு நிற்கும். நாளுக்குக் கொஞ்சமாகத் திருப்பலாம், ஆனால் எனக்கு அதுவும் தேவையாகப் படவில்லை. காலை வெயில் வாசலில் விழுந்தால்தான் மழை விட்ட நாளில் சீக்கிரம் கிளம்பும். கிழக்கே இருக்கட்டும். வாசலுக்கு மேல் ஒரு சாண் நீட்டி பனையோலைத் தாழ்வாரம் இறக்குங்கள், உங்களிடம் ஓலைக்கா பஞ்சம்? பின்கால்களுக்கு அடியில் ஓட்டுச் சில்லு வைத்துப் பெட்டியை லேசாக முன்னால் சாய்த்தால், உள்ளே போன தண்ணீர் வாசல் வழியே வடிந்துவிடும்.

உயரமான இடத்தில் வையுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை. ஆற்றோர வயல் வரப்பில் ஆறு பெட்டி வைத்திருந்தேன். தாமிரபரணி வயலுக்குள் வந்தபோது என்னால் வாசல்படியைத் தாண்ட முடியவில்லை. தண்ணீர் வடிந்ததும் போனால், ஒரு பெட்டி கருவேல மரத்துக் கவையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. மூடி இல்லை. அடையில் வண்டல் அப்பியிருந்தது. ஒரு ஓரத்தில் உள்ளங்கை அளவு தேனீ உயிரோடு இருந்தது. மற்ற ஐந்தின் கால்கூடக் கிடைக்கவில்லை. இப்போது எல்லாம் மாட்டுத்தொழுவத்து மேட்டில்.

களக்காடு வாழைத்தோப்பு | அக்டோபர் 16

எறும்பை யாரும் சொல்லல. கால் நாலுக்கும் தண்ணிக் கிண்ணி வச்சிருப்பீங்க, மழையில அது நிரம்பிக் கிடக்கும்னு நிம்மதியா இருப்பீங்க. போன வருசம் எனக்கு ஒரு வேப்பிலைதான் வினையாச்சு. காத்துல விழுந்த ஈர்க்கு ஒண்ணு, ஒரு முனை கிண்ணி விளிம்புல, மறு முனை பெட்டிக் கால்ல. அதுல முசுறு வரிசை கட்டிப் போகுது. போகும்போது வெறுங்கை, வரும்போது ஒவ்வொண்ணு வாயிலயும் வெள்ளைப் புழு. விடிஞ்சு பார்த்தா பெட்டியில ஈயே இல்ல. அதனால தினம் காலையில கிண்ணியைச் சுத்திக் குப்பை கிடக்கான்னு பாருங்க, பெட்டி மேல சாயுற கொப்பையும் வெட்டிருங்க. தண்ணியில ஒரு சொட்டு பழைய எஞ்சின் ஆயில் விட்டா கொசுவும் முட்டை வைக்காது.

பிசான நெல் நடவு ஆரம்பிச்சாச்சு. பக்கத்து வயல்காரங்ககிட்ட மருந்து அடிக்கிற தேதியைக் கேட்டு வச்சுக்கோங்க. முந்தின ராத்திரி வாசலை வலையால மூடி, மறுநாள் சாயங்காலம் திறந்தாப் போதும்.

மொட்டைமாடிக்காரன் | நவம்பர் 21

ஒரு மாசம் கழிச்சு வர்றேன். மழை அஞ்சு நாளா விடாமப் பேஞ்சு இன்னைக்குத்தான் வெயில் முகம் காட்டுச்சு.

ஒண்ணும் மூணும் பாய் போட்ட பெட்டி. மூடியைத் தூக்கினா பாய் ஓரத்துல மட்டும் நசநசன்னு இருந்துச்சு, அடை காய்ஞ்சு கிடந்துச்சு, ஈ நல்லா இருக்கு.

ரெண்டாம் பெட்டியில உங்க யாருக்கும் சொல்லாம ஒரு வேலை பார்த்தேன். திட்டக் கூடாது. பாலிதீனை மூடி மேல போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தேன், தண்ணி உள்ள போகாதுன்னு. போகலதான். உள்ள இருந்த தண்ணியும் வெளிய போகல. மூடியைத் தூக்கினதும் அடிப்பக்கம் வரிசையாச் சொட்டுச் சொட்டாத் தொங்குது, பால் காய்ச்சின சட்டி மூடி மாதிரி. ஓரத்துச் சட்டம் ரெண்டுலயும் பச்சைப் பூஞ்சை. அடிப்பலகையில செத்த ஈ ஊறிக் கிடந்துச்சு. உடனே பாலிதீனைக் கிழிச்சுப் போட்டு, பலகையைச் சுரண்டி வெயிலுக்கு வச்சு, பாய் போட்டேன். பிழைச்சுக்கிடும்னு தோணுது, ராணி முட்டை வச்சிருக்கு.

நாலாம் பெட்டி காலி. உள்ள ஒரு ஈ இல்ல. ஒரு அடையை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். நடுவுல சிலந்தி வலை மாதிரி நூல் கட்டிய குழாய், ஊர்வலப் பாதை மாதிரி அறைக்கு அறை போகுது, கறுப்புக் கறுப்பா எச்சம். குழாயை ஈர்க்கால கீறினா சாம்பல் நிறத்துல கொழுத்த புழு ஒண்ணு பின்னாலேயே ஓடுது. சிரட்டையில நான் ஊத்தின பாகு பாதி அப்படியே புளிச்சுக் கிடந்துச்சு.

ரப்பர்காட்டு ஈக்காரன் | நவம்பர் 21

மெழுகுப்பூச்சி. அது கூட்டத்தைக் கொல்லல, கூட்டம் கம்மியானதாலதான் அது வந்துச்சு. ஏழு சட்டத்தைக் காவல் காக்க ரெண்டு சட்டத்து ஈயால முடியாது. ஈ மூடாத அடையை மழைக்கு முன்னமே எடுத்திருக்கணும். நானும் அன்னைக்கு அதைச் சொல்லாம விட்டுட்டேன், என் தப்புதான். ராணி செத்திருக்காது, கூட்டத்தைக் கூட்டிட்டுக் கிளம்பியிருக்கும். நம்ம ஈ வீடு சரியில்லன்னா ஒரு நாள் கூடப் பொறுக்காது.

அந்த அடையை உருக்கி மெழுகு எடும், இல்லாட்டி எரியும். மத்த பெட்டிப் பக்கம் கொண்டு போகாதீரும். காலிப் பெட்டியை வெயில்ல காயப் போட்டு, மூலை முடுக்கு எல்லாம் தீ வாட்டி வையும். இனி வாரம் ஒரு தடவை மத்த மூணுலயும் அடிப்பலகையை மட்டும் வழிச்சு எடும். அந்தக் குப்பையிலதான் அது முட்டை வைக்கும். சட்டத்தைச் சும்மாச் சும்மா தூக்கிப் பார்க்காதீரும்.

ஒட்டாவா நெல்லையன் | நவம்பர் 22

இங்க நேத்து முதல் பனி. நானும் மூடியாச்சு. டீச்சர் சொன்ன கோரைப்பாயை ஊர்ல இருந்து வந்தவங்ககிட்டக் குடுத்துவிடச் சொல்லி வாங்கி, ஒரு பெட்டிக்கு மரத்தூளுக்குப் பதிலாப் போட்டிருக்கேன். ஏப்ரல்ல சொல்லுதேன்.

திசையன்விளை பனங்காடு | டிசம்பர் 19

எனக்கு ஈரமும் இல்ல, எறும்பும் இல்ல. பஞ்சுருட்டான்தான். கரண்டுக் கம்பியில எண்ணி பதினாலு உக்காந்திருக்கு, வால் நீலமா. வெயில் வந்து ஈ கிளம்புற நேரம் பாத்து ஒவ்வொண்ணா வந்து கவ்விட்டுப் போய் கம்பியில அடிச்சுத் திங்கு. விரட்டினா அடுத்த கம்பிக்குப் போகுது. என்னவே செய்ய?

பத்தமடை டீச்சர் | டிசம்பர் 19

நீலவாலா? அது குளிருக்கு நம் ஊருக்கு வரும் விருந்தாளி. வெயில் ஏறியதும் திரும்பிப் போய்விடும். பெட்டியை மரத்தடிக்கு நகர்த்தினால் அதற்குப் பாய்ந்து பிடிக்க வழி குறையும். நாளுக்கு ஒரு முழத்துக்கு மேல் நகர்த்தாதீர்கள். பலமான கூட்டம் என்றால் பதினாலு குருவி தின்றும் மிஞ்சும்.

மொட்டைமாடிக்காரன் | ஜனவரி 6

மூணு பெட்டியும் நிக்குது. வெளிய தும்பை பூத்துக் கிடக்கு, காலையில 8 மணிக்கெல்லாம் கால்ல மகரந்தத்தோட இறங்குது. இன்னைக்குத் தூக்கிப் பார்த்தேன், ரெண்டாவது கூட இப்ப கை மேல வரல.

வேற சேதி. ரெண்டு வீடு தள்ளி ஒரு வீட்டுல சுவர்ல கரண்டு மீட்டர் பெட்டிக்குள்ள ஈ கூடு கட்டியிருக்காம், ஒரு மாசமா. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. மூணு அடை, உள்ளங்கை அகலம். நம்ம நாலாம் பெட்டியா, வேற கூட்டமான்னு எப்படித் தெரியும்?

களக்காடு வாழைத்தோப்பு | ஜனவரி 6

தெரியாது தம்பி, ஈ முகத்துல எழுதியா இருக்கு. ரீடிங் எடுக்க ஆள் எப்ப வர்றாங்கன்னு கேளுங்க, அதுக்குள்ள பிடிச்சிருங்க. மெயினை அணைக்காம கையை விடாதீங்க. அடையை வாழைநாரால சட்டத்துல கட்டுங்க, புழு அடை முதல்ல, தேன் அடை ஓரத்துல. ராணி உள்ள ஏறிட்டாளான்னு பார்த்துட்டு வாசல்ல, அவ வெளிய போகாதபடி தடுப்புத் தகடு போடுங்க. காலிப் பெட்டியைத் தீ வாட்டினீங்களா இல்லையா?

மொட்டைமாடிக்காரன் | ஜனவரி 6

வாட்டியாச்சு அக்கா. ரீடிங் பத்தாம் தேதியாம். நாளைக்குச் சாயங்காலம் போறேன்.